அக்கரைக் குரல்

நான்கு குரலுக்கு எழுதிய பாட்டில் ஐந்தாவதாக ஒரு குரல் கேட்கிறது என்று முதலில் சொன்னவர் பியானோக்காரர் கில் பெனடெட்டி. சொன்னதோடு நிற்காமல் பழியை நேராக மார்லிஸ் தலையில் போட்டார்.

"கல்யாணப் பாட்டுல மூணாவது சரணத்துல நீ உன் இஷ்டத்துக்கு என்னமோ இழுக்கற. எழுதாததை எல்லாம் பாடாத தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நானா? அந்த நேரத்துல அவ்வளவு பெரிய அட்டை கேக்கைத் தூக்கிக்கிட்டு மூச்சு முட்ட நிக்கிறேன். எழுதினதைப் பாடவே எனக்குத் தெம்பில்ல."

"அப்ப யாரு?"

"உன் காதுக்குள்ள ஏதாவது பூச்சி பூந்திருக்கும். இந்த ஏரிப் பக்கம் அதுக்கா பஞ்சம்?"

கில் சிரிக்கவில்லை. அவர் காது அப்படிப்பட்ட காது. கடைசி வரிசையில் யாராவது மிட்டாய்த் தாளைப் பிரித்தால்கூட அது எந்த சுருதி என்று சொல்லிவிடுவார். அதனால் மார்லிஸுக்குள் அந்தக் கேள்வி அப்படியே தங்கிவிட்டது.

மார்லிஸ் டார்ன் அந்த ஊருக்கு வருவது அது ஒன்பதாவது கோடை. மிச்சிகனின் வடக்குக் கோடியில், ஏரிக்கரையில், ஒரு காலத்தில் வைக்கோல் அடைத்து வைத்திருந்த பெரிய களஞ்சியம்தான் அவர்கள் நாடகக் கொட்டகை. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய இசை நாடகங்கள் வரிசையாக ஓடும். பகலில் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை, சாயங்காலம் நடப்பு நாடகம். இந்தக் கதையின் வசனம் அந்தக் கதையில் போய் விழாமல் பார்த்துக்கொள்வதே பாதி நடிப்பு. இளவயதுக்காரர்கள் காதலிப்பார்கள், மார்லிஸ் மாமியாராக, விடுதிக்காரியாக, கன்னிமாடத் தலைவியாக வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போவாள். குளிர்காலத்தில் டொலிடோவில் ஒரு துணிக்கடையில் வாசனைத் திரவியம் விற்பாள். அவளுக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. எதையும் துருவித் துருவிப் பார்க்கும் குணம் அவளுக்கு. மாமியார்களுக்கும் அந்தக் குணம் உண்டு என்பதால் வேடம் பொருந்திப் போயிற்று.

அன்று சாயங்காலம் கல்யாணப் பாட்டு வந்தபோது மார்லிஸ் குரலைத் தணித்துப் பாடியபடி காதைத் தீட்டிக்கொண்டாள். புழுக்கம் தாங்காமல் ஏரிப் பக்கத்துக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். மூன்றாவது சரணத்தில் நான்கு குரல்களும் நான்கு திசையாகப் பிரிகிற இடத்தில், அடியிலிருந்து ஒரு பெண் குரல் ஏறி வந்தது. கனத்த குரல். வார்த்தை இல்லை. இரண்டு குரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில், தனக்கென்று போட்டு வைத்த நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டது.

மணப்பெண்ணாக நடித்த டெஸ், முகத்திரைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. சிரிடி, உனக்குக் கல்யாணம்."

திரை விழுந்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதிரொலி என்றான் ஒருவன். களஞ்சியத்தில் முன்பு வாழ்ந்த மாட்டின் ஆவி என்றான் இன்னொருவன். கம்பெனியை நடத்துகிற பெக் ஹாலரன் மட்டும் எதிலும் கலந்துகொள்ளவில்லை.

"ஆவியைப் பத்தி அப்புறம் பேசலாம். ஊர் ஆபீஸ்ல கூப்பிட்டு அனுப்பிச்சிருந்தாங்க. அக்கரையில யாரோ நீமின்னு ஒருத்தர் புகார் குடுத்திருக்காரு, சத்தம் தாங்கலையாம். அடுத்த நாடகத்துலேர்ந்து கதவைச் சாத்திட்டுத்தான் நடத்தணுமாம்."

"ஜூலையிலயா? பவுடரெல்லாம் குழம்பா ஓடும் பெக்" என்றாள் டெஸ்.

"ஜனங்க பாதியில எந்திரிச்சு ஓடுவாங்க. டிக்கெட் காசைத் திருப்பிக் கேப்பாங்க."

மறுநாள் முதல் பாதியில் மார்லிஸுக்கு வேலை இல்லை. மாமியார் இரண்டாம் பாதியில்தான் வந்து இறங்குவாள். இறகு வைத்த தொப்பியோடு ஏரிக்கரையில் போய் நின்றாள். கொசு பிடுங்கியது. உள்ளே எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கியதும், தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு அந்தக் குரல் வந்தது. பக்கத்தில் நின்று பாடுவது போல அவ்வளவு தெளிவு. அக்கரையில், நீட்டிக்கொண்டிருந்த மரத்துறையின் முனையில், மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது.

திங்கட்கிழமை விடுமுறை. மற்றவர்கள் துணி துவைக்கவும் தூங்கவும் போக, மார்லிஸ் படகு தேடினாள். நாடகத்துப் படகுக்கு அடிப்பலகையே கிடையாது. தூண்டில் கடைக்காரரிடம் கெஞ்சி ஒன்றை வாங்கிக்கொண்டு துடுப்புப் போட்டாள். பாதித் தூரத்திலேயே உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. எதற்குப் போகிறாய் என்று பெக் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. யார் என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

துறையை நெருங்கியபோது எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வீட்டிலிருந்து இறங்கி வந்தார். சுரங்க வேலை பார்த்தவரைப் போல அகன்ற தோள்.

"யாரும்மா நீ? படகை அங்க இடிக்காத, இந்தப் பக்கம் கொண்டா."

"நாடகக் கொட்டகையிலேர்ந்து வரேங்க. மார்லிஸ்."

கயிற்றை வாங்கக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்துகொண்டார். அவருடைய படகின் பக்கவாட்டில் 'நீமி' என்று எழுதியிருந்ததை மார்லிஸ் அப்போதுதான் பார்த்தாள்.

"ஐயையோ, நீங்கதானா அது?"

"நான்தான். ரெய்னோ நீமி. சண்டை போடணும்னா சீக்கிரம் போட்டுட்டுக் கெளம்பு."

அதற்குள் வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி கைத்தடியை ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து வந்தார். வலது கை உயிரில்லாமல் தொங்கியது. மார்லிஸைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது.

"செவ்வாய்க்கிழமை!" என்றார்.

"இன்னிக்குத் திங்கள்ங்க" என்றாள் மார்லிஸ் மரியாதையாக.

"அவளுக்குத் தெரியும்" என்றார் ரெய்னோ. "போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு. இருந்த பேச்செல்லாம் போய் அந்த ஒத்தை வார்த்தைதான் மிச்சம். பசின்னாலும் அதான், கோவம்னாலும் அதான். என் வீட்டுக்காரி, எல்மா."

எல்மா மார்லிஸின் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார். காப்பியும், ஏலக்காய் போட்ட பின்லாந்து ரொட்டியும் மேசைக்கு வந்தன. ரெய்னோ வேண்டாவெறுப்பாக ரொட்டியை நறுக்கினார்.

"சாயங்காலத்துல பாடுறது நீங்களா?" என்று மார்லிஸ் கேட்டாள்.

எல்மா தலையை ஆட்டினார், வெட்கத்தோடு.

"பேச்சு வராது, பாட்டு வரும்" என்றார் ரெய்னோ. "மூளையில அது வேற வீடு, இது வேற வீடுன்னார் டாக்டர். தேவாலயத்துல காலம் பூரா ரெண்டாங்குரல் பாடினவ. முக்கியக் குரலைப் பாடச் சொன்னா இவளுக்குப் பிடிக்காது."

"எழுதாத இடத்துல எப்படிங்க போய் நிக்கிறீங்க? எங்க பியானோக்காரர் தலையைப் பிய்ச்சுக்கிறார்."

எல்மா யோசித்தார். பிறகு மார்லிஸின் இரண்டு கைகளையும் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தார். தன் இடது கையை அந்தச் சந்துக்குள் மெல்ல நுழைத்துக் காட்டினார். அவ்வளவுதான் விளக்கம். மார்லிஸுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தச் சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உளறிவிட்டாள்.

"ஆனா அடுத்த வாரத்துலேர்ந்து கதவைச் சாத்திருவோமே, உங்களுக்குக் கேக்காதே. நீங்களே புகார் குடுத்துட்டு..."

ரெய்னோ கத்தியைக் கீழே வைத்தார். எல்மா மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பினார். புகார் விஷயமே எல்மாவுக்குத் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை?" என்றார். பிறகு கைத்தடியால் தரையைக் குத்தி, "செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை!" கோப்பைகள் குலுங்கின. வார்த்தை வசப்படாத ஆத்திரத்தில் முகம் சிவந்தது. சட்டென்று நிறுத்தி, கண்ணை மூடி, இடது கையால் மேசையில் தாளம் தட்டினார். ஏதோ தேவாலயப் பாட்டின் மெட்டு. அந்த மெட்டில் ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார்.

"யாரைக்... கேட்டு... மூடச்... சொன்ன..."

 ரெய்னோ பேசியது மார்லிஸைப் பார்த்துத்தான், ஆனால் சொன்னது மனைவிக்கு.

"துறைக்குக் கைப்பிடி கிடையாது. உங்க பாட்டு ஆரம்பிச்சா போதும், காலை இழுத்துக்கிட்டு நுனிக்குப் போயிடறா. ஒரு நாள் வீட்டுக்குப் பின்னாடி என் சாமான் கொட்டகையிலேர்ந்து வந்து பாக்கறேன், கண்ணை மூடிக்கிட்டுப் பாடுறா, பாதிச் செருப்பு பலகைக்கு வெளிய நிக்கிது. விழுந்தா கூப்பிடக்கூட வழியில்ல. 'செவ்வாய்க்கிழமை'ன்னு கத்தினா யாரும்மா ஓடி வருவா?"

"அதை ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"என் பொண்டாட்டி கதையை எதுக்கு அங்க போய் அளக்கணும்? சத்தம்னேன். சத்தம்தானே?"

"அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா? போகாதேன்னா கேட்டுருவாளா இவ?"

எல்மாவின் கோபம் முழுசாக அடங்கவில்லை. ஆனால் தாளம் தட்டிய கை மேசையைக் கடந்து போய்க் கணவரின் மணிக்கட்டில் ஒரு அடி வைத்துவிட்டு அங்கேயே தங்கியது. மார்லிஸ் ஜன்னலைப் பார்த்தபடி காப்பியைக் குடித்து முடித்தாள். கிளம்பும்போது, ஞாயிறு பகல் ஆட்டத்துக்கு வாருங்கள் என்றாள். "கூட்டத்துல அவளை வேடிக்கை பாப்பாங்க, வேண்டாம்" என்றார் ரெய்னோ. எல்மா மெட்டுப் போட்டே பதில் சொன்னார்: "ஞா...யிறு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது வரிசையில் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். ரெய்னோ கழுத்தை நெரிக்கும் டை கட்டியிருந்தார். விஷயம் தெரிந்த கம்பெனி முழுக்கக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஆடியது. மூன்றாவது சரணத்தில் கில் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தி இடம் விட்டுக் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. எல்மா வாயை இறுக மூடிக்கொண்டு, நடிகர்களின் கால்களையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லிஸுக்குச் சப்பென்று போய்விட்டது. கூட்டிக்கொண்டு வந்ததே தப்போ என்றுகூடத் தோன்றியது.

ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் அழைத்து வந்தார்கள். எல்மா அட்டை கேக்கை விரலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். கில்லால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா நீங்க பாடல? உங்களுக்காகத்தான் அவ்வளவு நேரம் நிறுத்தினேன்."

எல்மா ஒற்றைக் கையால் காதைப் பொத்திக் காட்டினார். பிறகு அவர்களுடைய கல்யாணப் பாட்டின் மெட்டிலேயே, அச்சுப் பிசகாமல் பாடினார்:

"ரொம்...பச் சத்...தம்."

ரெய்னோ முதலில் சிரித்தார். டையைத் தளர்த்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் சொன்னப்ப ஒருத்தராவது நம்புனீங்களா?"

மறுநாள் பெக் தச்சரையும் நாலைந்து நடிகர்களையும் அக்கரைக்கு அனுப்பினாள். முடிந்துபோன நாடகத்துக்குப் போட்டிருந்த மாளிகை முகப்பிலிருந்து கடைசல் வேலை செய்த கம்பங்களை எடுத்துப் போய்த் துறையின் மூன்று பக்கமும் கைப்பிடி கட்டினார்கள். எல்லாம் ரோஸ் நிறம்.

"என்னய்யா இது, படகுத்துறையா, கல்யாண மண்டபமா?" என்று ரெய்னோ பொருமினார். ஆனால் தச்சர் போட்ட ஆணியை நம்பாமல் தன் சாமான் கொட்டகையிலிருந்து நீளத் திருகாணிகளைக் கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் தானே முறுக்கினார். கடைசிக் கம்பத்தில் முழுப் பலத்தோடு சாய்ந்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அந்த வாரமே ஊர் ஆபீஸுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்கினார். என்ன காரணம் சொன்னார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

புது நாடகம் கதவு திறந்தபடியே தொடங்கியது. முதல் நாள் அக்கரையிலிருந்து சத்தமே இல்லை. இரண்டாம் நாளும் இல்லை.

"கோவமா இருக்குமோ?" என்றாள் டெஸ்.

"பாட்டுப் புதுசுடி. பாடம் பண்ணிட்டிருக்காங்க" என்றாள் மார்லிஸ். எந்த இடத்தில் வந்து உட்காரப் போகிறார் என்பதுதான் அவளுக்குத் தீராத கேள்வியாக இருந்தது. அவளும் கில்லும் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் மார்லிஸுக்குத் தொண்டை கட்டியது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் டெஸ்ஸின் தலையில் பாரம் விழும். உப்புநீரில் கொப்பளித்துவிட்டு மேடை ஏறினாள். மூன்று பெண்கள் பாடும் மெதுவான பாட்டில், அவளுடைய பகுதி வந்ததும், திறந்த கதவு வழியாக அந்தக் குரல் உள்ளே வந்தது. நடுவே எங்கும் போய் உட்காரவில்லை. மார்லிஸின் வரியையே, அவள் சுருதியிலேயே, அவளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஒன்பது கோடையாகக் கேட்டுப் பழகினவர்கள்கூட வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். உயரே போகிற இடத்தில் மார்லிஸின் தொண்டை கைவிட்டது, பாட்டு நிற்கவில்லை. வாயை அசைத்தபடி நின்றாள். கில் பியானோவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை மார்லிஸும் கில்லும் படகில் போனார்கள். இந்த முறை துடுப்பு கில்லிடம் இருந்தது.

"எழுதாத இடத்துலதானே வருவீங்க, ஏன் இவ பாட்டுக்குள்ள வந்தீங்க? பந்தயத்துல ரெண்டு பேருமே தோத்துட்டோம்" என்றார் கில், ரொட்டியை மென்றபடி.

எல்மா மார்லிஸின் தொண்டையை ஒரு விரலால் தொட்டார். மேசையில் தாளம் தட்டி, மெட்டுத் தேடி, பாடினார்.

"முத... பாட்டு...லயே... தெரி...ஞ்சுது."

"இவ்வளவு தூரத்துலேர்ந்தா?" என்றாள் மார்லிஸ் கம்மிய குரலில்.

"செவ்வாய்க்கிழமை" என்றார் எல்மா, ஆமாம் என்பதாக. மார்லிஸின் தொண்டைக்காக அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த பாலை எடுத்துவரச் சொல்லி ரெய்னோவை முழங்கையால் இடித்தார்.