ஈயச் சட்டியும் ஒரு வாளித் தண்ணியும்

உருகின ஈயத்துக்கும் தண்ணிக்கும் ஆகவே ஆகாது. ரெண்டும் சேர்ந்தா தண்ணி நொடியில ஆவியாகி வெடிக்கும், ஈயத்தையும் வாரி அடிச்சுட்டு வரும். கண்ணுல பட்டா கண்ணு போச்சு. இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட வாய் வலிக்க வலிக்கச் சொல்லியிருந்தேன். அன்னிக்கு அவருக்கு நான் கொடுத்த வேலையும் ஒண்ணே ஒண்ணுதான். பின்வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்துகிட்டு யாரையும் முற்றத்துக்குள்ள விடக் கூடாது. பூனையா இருந்தாலும் சரி, அவரைப் பெத்த அம்மாவா இருந்தாலும் சரி.

நான் துறைமுகத்துல தண்ணிக்கடியில வேலை பார்க்கிறவ. கப்பலோட அடிவயித்துல ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டறது, கப்பலைத் தள்ளுற விசிறியில சுத்தின வலையை அறுக்கிறது, இதுதான் என் பொழப்பு. ரப்பர் உடுப்பைப் போட்டா உடம்பு தக்கை மாதிரி மிதக்கும். கீழ நிக்கணும்னா இடுப்பு பெல்ட்டுல ஈயக் கட்டியைக் கோர்க்கணும். கடையில விக்கிற கட்டி எல்லாம் ஆம்பளை இடுப்புக்குச் செஞ்சது. இடுப்பெலும்புல இடிச்சு இடிச்சு எனக்கு ரெண்டு பக்கமும் கன்னிப்போய்க் கிடந்துது. சரி, நமக்குத் தோதா வளைவா நாமளே வார்த்துக்குவோம்னு இறங்கிட்டேன்.

என் மாமியாருக்கு இது துளியும் பிடிக்கலை. "தண்ணிக்குள்ள முங்குறது பத்தாதுன்னு இப்ப நெருப்பு வேறயா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறா"ன்னு மகன்கிட்ட சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். எனக்கும் மூக்குக்கு மேல கோவம் வந்துது. "அத்தை, வேலை முடியற வரைக்கும் கீழ வராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்"னு பட்டுனு சொல்லிட்டேன். முகம் சுண்டிப்போச்சு, மாடிக்குப் போயிட்டாங்க. தண்ணி ஆகாதுங்கிற சங்கதியை மட்டும் அவங்ககிட்ட யாரும் சொல்லலை. மகன் சொல்லியிருப்பார்னு நான், நான் சொல்லியிருப்பேன்னு மகன்.

என் பக்கம் ஒரு குறையும் வைக்கலை. மழை வராதுன்னு வானத்தைப் பார்த்துட்டுத்தான் தொடங்கினேன். அடுப்பைச் செங்கல் மேல வெச்சு, சுத்தி காய்ஞ்ச மணலைக் கொட்டினேன். கேஸ் சிலிண்டரை எட்டத்துல, வாசப்படி ஓரமா வெச்சேன். கடலடியில நான் பொறுக்கின பழைய ஈயத் தூண்டில் குண்டெல்லாம் வெயில்ல காய்ஞ்சதுதான், ஆனா வெளியில காய்ஞ்சிருந்தாலும் பொத்தலுக்குள்ள ஈரம் ஒளிஞ்சிருக்கும். அதனால சட்டி ஜில்லுனு இருக்கும்போதே எல்லாத்தையும் போட்டு மெதுவாச் சூடேத்தினேன். ஈயத்தை ஊத்துற இரும்பு அச்சையும் அனல்ல வாட்டி எடுத்தேன். தோல் கோட்டு, தோல் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, அப்புறம் ஈயப் புகை உள்ள போகாம இருக்க வாய் மூக்கை இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் முகமூடி. அதைப் போட்டுட்டா பேச்சு வெளிய வராது. அதுக்குத்தான் காவலுக்கு ஆள் போட்டது.

ஈயம் உருகி மேல கசடு கட்டினதும் ஒரு துண்டு மெழுகைப் போட்டேன். மெழுகு எரிஞ்சா கசடு பிரியும். தீ குபுக்குனு என் நெஞ்சு உசரத்துக்கு எழும்பி, கருகருன்னு புகையை விட்டுட்டு அடங்கிடுச்சு. எப்பவும் அப்படித்தான். கசடை வழிச்சுப் போட்டுட்டு வார்க்க ஆரம்பிச்சேன். ஒரு அச்சு நிறைஞ்சுது. அடுத்ததுக்குக் கரண்டி நிறைய மொண்டுகிட்டு நிமிர்ந்தா, பின்வாசல்ல நாற்காலி காலியா இருக்கு.

ஃபோன் வந்திருக்கும். தெருவுக்குப் போயிருப்பார் மனுஷன். கையில கரண்டியோட அவரை மனசுக்குள்ள திட்டி முடிக்கலை, வாசப்படியில அத்தை வந்து நின்னாங்க. ரெண்டு கையிலயும் தூக்கிப் பிடிச்ச வாளி. நிறைய தண்ணி, ததும்பித் ததும்பிப் புடவையெல்லாம் நனைஞ்சிருக்கு. மாடி ஜன்னல் வழியா அந்த மெழுகுத் தீயைப் பார்த்திருக்காங்க.

நான் தலையிலிருந்து கால் வரைக்கும் தோலுக்குள்ள இருக்கேன். அவங்க மூஞ்சியில ஒரு மூக்குக் கண்ணாடிகூட இல்லை. "வராதீங்க"ன்னு அடிவயித்துலேருந்து கத்தினேன். முகமூடிக்குள்ள அது மாடு முக்கற மாதிரிதான் கேட்டிருக்கும். வலியில கத்தறேன்னு நினைச்சாங்க போல, இன்னும் வேகமா வந்தாங்க.

கரண்டியில இருந்ததை மணல்ல கவிழ்த்துட்டு அவங்களைப் பார்த்து ஓடினேன். முகமூடியும் கண்ணாடியுமா நான் பாய்ஞ்சு வர்றதைப் பார்த்து, தலையில தீ பிடிச்சுதான் ஓடி வர்றேன்னு வாளியை ஓங்கிட்டாங்க. வாளியைப் பக்கவாட்டுல ஒரு தட்டு தட்டினேன். பாதித் தண்ணி என் மேல, மீதி என் தோளைத் தாண்டிப் போச்சு. எங்க போய் விழும்னு பார்க்க நேரமில்லை. அவங்களைச் சுவரோரமா ஒரே தள்ளாத் தள்ளி, மேல விழுந்து மூடிக்கிட்டேன்.

பின்னாடி டமார்னு வெடிச்சுது. முதுகுல பொடிக் கல்லை வாரி எறிஞ்ச மாதிரி படபடன்னு விழுந்துது. சுவர்ல விழுந்துது, தகரக் கதவுல விழுந்துது. அப்புறம் சத்தமே இல்லை.

எழுந்தேன். சிலிண்டரை மூடினேன். அத்தையை ரெண்டு அக்குள்லயும் கை கொடுத்து இழுத்துட்டுப் போய் வீட்டுக்குள்ள போட்டேன். கையுறையையும் முகமூடியையும் பிடுங்கி வெளிய எறிஞ்சேன். அவங்க ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டு இருந்தாங்க. நெத்தியில ஒரு கீறல், ரத்தம் கசியுது. தரையில இடிச்ச கீறலா, ஈயம் பட்டதான்னு எனக்குத் தெரியலை.

அப்பத்தான் நாற்காலியைக் காலி பண்ணிட்டுப் போன காவல்காரர் ஓடி வந்தார். கையில ஃபோன், அதுல யாரோ இன்னும் ஹலோ ஹலோங்கிறாங்க.

"அம்மா ஏன் கீழ கிடக்கிறாங்க? நீ தள்ளிவிட்டியா?"

"ஆமா, நான்தான் தள்ளினேன். பேசாம அந்தப் பக்கம் போங்க"ன்னேன். என் வாழ்க்கையில அவரை அப்படி முறைச்சதில்லை.

அத்தை பக்கத்துல மண்டி போட்டேன். "அத்தை, கண்ணைத் திறங்க. அத்தை."

திறக்கலை. உதடு மட்டும் அசைஞ்சுது.

"கண்ணைத் திறங்கன்னு சொல்றேன்ல!" மாமியார்கிட்ட அப்படி அதட்டிப் பேசினது அன்னிக்குத்தான். "கடலுக்கடியில கூட எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை. திறங்க."

மெதுவாத் திறந்தாங்க. ரெண்டும் திறந்துது. கருவிழி அசைஞ்சுது, என் முகத்துல வந்து நின்னுது. அடுத்த நிமிஷம் ரெண்டு கையாலயும் என் தலைமுடியை, காதை, கழுத்தை, ஒவ்வொரு இடமாத் தடவித் தேட ஆரம்பிச்சாங்க.

"எங்க எரியுது? எங்கடி எரியுது?"

"எங்கயும் எரியலை அத்தை. என்னைத் தொடாதீங்க, எல்லாம் ஈயத் தூசி. கண்ணு தெரியுதா, அதைச் சொல்லுங்க."

"என் கண்ணு கிடக்கட்டும். நீ முதல்ல முதுகைக் காட்டு."

திரும்பி உக்காந்து காட்டினேன். நான் அழறதை அவங்க பார்க்காம இருக்க அது சௌகரியமா இருந்துது.