மௌனத்துக்குப் பத்து மதிப்பெண்

இருபத்துநான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றை விளிம்புவரை எழுதி நிரப்ப ஒன்றரை நாள் ஆகும். எழுதியதெல்லாம் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்க்க இன்னொரு ஒன்றரை நாள். ஒரு மூலையை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு நான்கு பக்கத்துக்கு அளந்துவிடுகிற ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. பாம்புச்செவி அந்த ரகம் இல்லை. மூன்று நாள் என்றால் மூன்று நாள்தான்.

பாம்புச்செவி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஒரு கணினிப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாக உதிரிபாகங்களைச் சோதித்து எழுதுகிறவர். வேகம், சூடு, மின்செலவு இதையெல்லாம் கருவி வைத்திருக்கிற எவரும் அளந்துவிடலாம். அவருடைய அட்டவணையில் மட்டும் கடைசியாக ‘சத்தம்’ என்று ஒரு வரி இருக்கும். அதற்கு அவர் கருவியை நம்புவதில்லை. மீட்டர் எவ்வளவு சத்தம் என்று சொல்லும், எப்படிப்பட்ட சத்தம் என்று சொல்லாது என்பது அவர் கட்சி. ஒரு கை தூரத்தில் நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காருவார். எழுந்து, பத்துக்கு இத்தனை என்று ஓர் எண்ணைப் போடுவார். வாசகர்கள் மற்ற பக்கங்களைப் புரட்டிவிட்டு அந்த எண்ணைப் பார்த்துத்தான் கடைக்குப் போனார்கள்.

கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்பதை மறைப்பானேன். அவர் பத்துப் போட்டிருந்த ஒரு டிஸ்க்கை வாங்கிய வாசகர், ‘விசிலடிப்பது போலக் கத்துகிறது, அறையில் இருக்க முடியவில்லை’ என்று நான்கு மாதத்துக்கு முன் கடிதம் போட்டிருந்தார். பதில் பகுதியில் பாம்புச்செவி எழுதினார்: ‘கணினிப் பெட்டியின் திருகுகளை இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் கேட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.’ அலுவலகத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அலுவலகத்தில் இரைச்சல் அதிகம் என்பதால் சோதனையெல்லாம் வீட்டின் பின்னறையில்தான். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவுக்கு ரப்பர் பட்டை. மேசை மேல் மூடியில்லாத ஒரு கணினி. அதில் விசிறி கிடையாது. ஆகவே அங்கே ஏதாவது கேட்டால் அது சோதனையில் இருக்கிற டிஸ்க்காகத்தான் இருக்க வேண்டும். அவருடைய ஒரே மகள் பள்ளிக்கூட நாட்களில் அந்த அறையில்தான் படிப்பாள். அப்பா ஒரு பக்கம் எண்களைக் குறித்துக்கொண்டிருக்க, அவள் தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். வீட்டிலேயே நல்ல நேரம் அதுதான் என்று அவர் நினைத்திருந்தார், யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வருடமாக அவள் வருவதில்லை. கல்லூரி இரண்டாம் வருடம். சமையலறை மேடையோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, குக்கர் சத்தத்துக்கு நடுவே படித்தாள். கூப்பிட்டால் வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனாள். மனைவியிடம் கேட்டதற்கு, வயசுப் பெண் எந்நேரமும் அப்பா முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிவாளா என்றாள். முந்தானை தனக்கு ஏது என்று அவர் பதிலுக்குச் சொல்லிவைத்தார். ஆனாலும் அது மனதில் முள்ளாகக் கிடந்தது. தான் என்ன சொன்னோம், எப்போது சொன்னோம் என்று பழைய பேச்சுகளையெல்லாம் கிளறிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

இந்த முறை வந்திருந்த டிஸ்க் நல்ல ஜாதி. டெஸ்க்டாப்புக்கென்றே வந்த மிகப் பெரிய கொள்ளளவு. உள்ளே காற்றுக்குப் பதில் ஹீலியம் வாயுவை அடைத்து, கசியாதபடி மூடியை வெல்டு செய்திருந்தார்கள். மூன்று நாளில் ஒரு பிழை இல்லை. சூடு நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டவில்லை. தொடக்கத்தில் ஓடிய வேகம் கடைசியில் பாதியாகக் குறைந்தது. தட்டின் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்துக்குப் போகப் போக எல்லா டிஸ்க்கும் அப்படித்தான். மீட்டரும் முப்பது டெசிபலுக்குக் கீழேயே நின்றது. அந்த வருடத்தின் சிறந்த டிஸ்க் என்று அட்டையில் போடப் பத்திரிகை தயாராக இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் அவர் அறிக்கை போக வேண்டும். பிற்பகல் மூன்றரைக்கு நாற்காலியைப் போட்டு, கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்தார். கோயில் கருவறை கூட இவ்வளவு அமைதியாக இருக்காது. எழுந்து பத்து என்று எழுதினார்.

அப்போது மகள் கதவைத் திறந்தாள். அம்மா வெளியே கிளம்புகிறாள், பூட்டுச் சாவி எங்கே என்று கேட்க வந்தவள், கேட்டு முடிப்பதற்குள் ஒரு தோளைத் தூக்கிக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்லப்பா. எப்படித்தான் இதுக்குள்ள உட்கார்ந்திருக்கீங்களோ.”

எதற்குள் என்று கேட்டார். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. இந்தச் சத்தத்துக்குள் என்றாள். கொசு ஒன்று காதுக்குள் நுழைந்து வெளியே வர வழி தெரியாமல் சுற்றினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்றாள். எல்லா டிஸ்க்கும் அப்படி இல்லை, ஒரு வருடமாக வருகிறதில் சிலதுதான். ஆனால் எந்த நாளில் எது ஓடும் என்று தனக்கு எப்படித் தெரியும், ஒரு பக்கம் படிப்பதற்குள் தலைவலி வந்துவிடுகிறது என்றாள். இதைச் சொல்லும்போது அவள் வாசற்படியைத் தாண்டவில்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“உங்களுக்குத் தெரியாதுன்னு யாருப்பா நினைப்பா? உங்க காதுக்குக் கேக்காததா எனக்குக் கேக்கப் போகுது? வேலைன்னா பொறுத்துக்கணும்னு இருக்கீங்கன்னு நினைச்சேன்.”

பாம்புச்செவியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பத்தொன்பது வருடத் தொழில் லேசில் விடுமா? ஒருவர் சொன்னதை நம்பி எழுதுவதில்லை, சோதித்துவிட்டுத்தான் எழுதுவது. மகளைச் சமையலறைக்கு அனுப்பினார். டிஸ்க்கை ஓட விட்டோ நிறுத்தியோ வைத்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கூப்பிட்டார். அவள் வாசலில் திரும்பி நின்று, ஓடுகிறது, நிற்கிறது என்று சொல்ல வேண்டும். பத்து முறை. காகிதத்தில் பத்து டிக் விழுந்தது. ஏழாவது முறை அவள் கூடத்தில் வரும்போதே, “ஓடுதுப்பா” என்று சொல்லிவிட்டாள்.

பிறகு இடம் மாறினார்கள். அவர் சமையலறைக்குப் போனார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய், அவர் காட்டிக்கொடுத்தபடி நிறுத்தி, ஓட விட்டாள். அவர் வாசலில் முதுகைக் காட்டி நின்று, மூச்சைக்கூட அடக்கிக் கேட்டார். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும். மகள் காகிதத்தை நீட்டும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழ்ஸ்தாயிச் சத்தமெல்லாம் அவருக்குச் சுத்தமாகக் கேட்டது. தெருவில் லாரி போவது, மேல்மாடியில் மேசை நகர்வது, டிஸ்க் ஓடத் தொடங்கும் உறுமல், எல்லாம். உச்சஸ்தாயியில் இருப்பது மட்டும் எப்போதோ ஓசைப்படாமல் கழன்று போயிருந்தது. போனதே தெரியாமல், போனதையெல்லாம் மௌனம் என்று எண்ணி, இந்த ஒரு வருடத்தில் எத்தனை பத்து போட்டிருப்பார்? பழைய அட்டவணைகளை எடுத்து எண்ணினார். ஆறு. ஒவ்வொரு பத்துக்குப் பின்னாலும் கடைக்குப் போனவர்கள் இருந்தார்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது. காது மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதிய வரி நினைவுக்கு வந்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

நாலே முக்காலுக்கு ஆசிரியரைப் போனில் அழைத்தார். ஆசிரியர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள், மரியாதை தெரிந்தவள். முழுவதையும் கேட்டுவிட்டு, இது ஒரு பிரச்சினையே இல்லை, அந்த வரியை எடுத்துவிட்டு மீட்டர் சொன்னதைப் போட்டுவிடலாம் என்றாள். மீட்டர் பொய் சொல்லவில்லையே, யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். அவர் மென்று முழுங்கவில்லை.

“கேட்டவர் ஒருத்தர் இருக்காரு மேடம். அவரைத்தான் நான் கிண்டல் பண்ணேன்.”

“சார், உங்க காதுக்காகத்தான் பத்திரிகையே வாங்குறாங்க. அது போச்சுன்னு நாமளே அச்சடிக்கணுமா?”

“அதுக்காகத்தான் வாங்குறாங்க. அதனாலதான் அச்சடிக்கணும்.”

பிறகு, எழுதி அனுப்புங்கள் பார்க்கலாம் என்று ஆசிரியர் வைத்துவிட்டாள்.

அவர் எழுதியிருந்த பத்தைக் கோடிட்டு அடித்தார். வேகம் நன்று, சூடு குறைவு, மூன்று நாளில் பிழை ஏதும் இல்லை என்பதையெல்லாம் அப்படியே விட்டார். டிஸ்க்கின் மேல் அவருக்கு என்ன கோபம்? சத்தம் என்ற வரிக்கு நேரே எழுதினார்: ‘இது உச்சஸ்தாயியில் கீச்சிடுகிறது. இதை எழுதுகிறவருக்கு அது கேட்பதில்லை. பத்தொன்பது வயதான மகளுக்குக் கேட்கிறது. இந்த ஒரு வருடத்தில் இவர் போட்ட ஆறு பத்துகளையும் வாசகர்கள் அடித்துவிடவும். கடிதம் எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ இன்னொரு முறை படிக்காமல் அனுப்பினார். படித்தால் திருத்தத் தோன்றும் என்று அவருக்குத் தெரியும்.

மகள் இன்னும் வாசலிலேயே சாய்ந்து நின்றிருந்தாள். அம்மா எப்போதோ தானே சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டிருந்தாள். தான் வாய் திறந்ததால் அப்பாவின் பெயர் போகப் போகிறதே என்ற கலக்கம் அவள் முகத்தில் தெரிந்தது. ஏதாவது சொல்லலாம் என்று அவருக்கு இருந்தது. ஒரு வருடமாக என்மேல் கோபம் என்றல்லவா நினைத்தேன் என்று சொல்லலாம். சொல்லாமல் மேசைப் பக்கம் திரும்பினார்.

டிஸ்க்கை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்து, மின் இணைப்பையும் உருவினார். தட்டுகள் சுற்றி ஓய அரை நிமிடம் பிடிக்கும். கையை வைத்தால் அதிர்வு அடங்கியது தெரிந்துவிடும். அவர் கையை வைக்கவில்லை.

“நின்னுடுச்சாம்மா?” என்று மகளைக் கேட்டார்.

அவள் கொஞ்சம் பொறுத்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“நின்னுடுச்சுப்பா” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள்.