பழைய மூக்கு

ஒரு பந்தயக் காரை நடக்கிற வேகத்தில் மோதி உடைக்க முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்தவர், அந்தக் காரை வடிவமைத்தவரேதான்.

ஓட்டினார் என்றுகூடச் சொல்ல முடியாது, எஞ்சின் அணைந்திருந்தது. எடை பார்த்துவிட்டுத் திரும்பிய காரை மெக்கானிக்குகள் பின்னாலிருந்து தள்ளிக் கொட்டகைக்குள் கொண்டுபோக வேண்டும். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் தேவை. வழக்கமாகப் பிடிப்பவர் சாப்பிடப் போயிருந்தார். “நான் உட்காரட்டுமா?” என்று இவர் கேட்டதற்கு ஹெட் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். அதைச் சம்மதம் என்று இவராக எடுத்துக்கொண்டார்.

காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று உட்காரும் இடத்தின் அகலத்தை விரல் விரலாகக் குறைத்தவர் இவர்தான். குறைத்தபோது தன் வயிற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. உள்ளே இறங்கும்போதே சிக்கிக்கொண்டார். முட்டி ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கார் வாசல் தூணை நோக்கிப் போவது நன்றாகத் தெரிந்தது. தூண் நகராது என்பதும் தெரிந்தது. “நிறுத்துங்க” என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் காய்ந்த குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம். காரின் மூக்கு, அதன் இரண்டு பக்கத்து இறக்கைகளோடு, தரையில் கிடந்தது.

ஸ்டியரிங்கைக் கழற்றி, இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத்தான் இவரை வெளியே எடுக்க முடிந்தது. “கஷ்டப் பிரசவம்தான். ஆனா தாய்க்கும் சேய்க்கும் ஒண்ணுமில்ல” என்றார் ஹெட் மெக்கானிக். உடைந்த மூக்கை மட்டும் ஒரு துண்டால் மூடினார். அதுதான் இவருக்கு வலித்தது. புது மூக்கு மொத்தமே இரண்டு. ஒன்று போன பந்தயத்தில் போய்விட்டது.

அந்தப் புது மூக்குதான் இவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த வேலை. இவர் அப்படித்தான் நம்பினார். போன வருடம் முதலாளியிடம் சோதனைக்கெல்லாம் வசதி இல்லாததால், கண்ணாலேயே பார்த்து, கையாலேயே தடவி, அகலமாக ஒரு மூக்கு செய்திருந்தார். பார்த்தவர்கள் மண்வெட்டி என்றார்கள். அந்த மண்வெட்டியோடுதான் கார் ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் வந்தது, ஒருமுறை மூன்றாவது. பரிசு மேடைப் புகைப்படத்தில் இவர் முகம் யாருடைய குடைக்கோ பின்னால் இருக்கிறது. அந்த மூன்றாவது இடத்தால் மனம் குளிர்ந்த முதலாளி இந்த வருடம் காரின் மேல் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தையே வாடகைக்கு எடுத்துத் தந்தார். மெலிந்து, உயர்ந்து, பார்ப்பவர் கையை நீட்டித் தொடத் தூண்டும் புது மூக்கு பிறந்தது. சுரங்கத்தில் வந்த எண்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். அவள் எண்களைப் பார்க்கவில்லை. “தம்பி என்ன சொன்னான்?” என்று மட்டும் கேட்டாள்.

தம்பி என்பது காரை ஓட்டுகிறவன், இவருடைய மச்சினன். ஐம்பத்திரண்டு கிலோ, அதில் பாதி வாய். இந்த வருடம் ஓடிய ஆறு பந்தயங்களில் இரண்டில் சுழன்று வெளியேறினான். மற்றவற்றில் பத்தாவது இடத்துக்குப் பின்னால். போன வாரம் முதலாளி இவரைத் தனியாகக் கூப்பிட்டார். “காரா, ஆளா? சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணு மாறியாகணும்.” கார் என்றால் இவர் வீட்டுக்கு. ஆள் என்றால் அவன். சனிக்கிழமை இன்றுதான்.

இவருக்கு விஷயம் ஓரளவு தெரியும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தான் என்பது கணினித் திரையில் கோடாக வரும். முழுக்க மிதித்தால் கோடு மேசை விளிம்புபோல நேராக இருக்கும். வேகமான திருப்பங்களில் மட்டும் அந்த விளிம்பை யாரோ கடித்ததுபோல ஒரு பள்ளம். இந்த மைதானத்தில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய நீண்ட திருப்பம்; நேற்று ஒவ்வொரு சுற்றிலும் அங்கே காலை எடுத்திருந்தான்.

ஏன் என்று கேட்டார். வெயில் கண்ணில் அடித்தது என்றான். நேற்று மேகமூட்டம். மறுபடி கேட்டார். ஒரு குருவி குறுக்கே வந்ததாம்.

“எல்லாச் சுத்துலயுமாடா?”

“அதே குருவிதான் அத்தான். பழகிடுச்சு.”

கொட்டகையே சிரித்தது, இவரும் சிரித்தார். ஆனால் அவன் கையுறையைக் கழற்றாமலே தண்ணீர் குடித்ததைப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படித்தான். இறங்கி அரைமணி நேரம் ஆனாலும் கழற்றுவதில்லை. புது ஸ்டைல்போல என்று விட்டுவிட்டார்.

இரண்டு வருடம் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த மனிதரை இந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தது இந்த வாய்தான். அத்தானைச் சேர்த்தால்தான் வண்டியில் ஏறுவேன் என்று முதலாளியிடம் அடம்பிடித்திருக்கிறான். அது தெரிந்தும், நேற்று முகம் கழுவும்போது, ‘பையனுக்குக் கொஞ்சம் ஓய்வு தேவைப்படுது’ என்ற வாக்கியத்தைக் கண்ணாடியில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் பயந்துபோனார்.

மூக்கில்லாமல் கார் ஓடாது. லாரியின் மூலையில், மெக்கானிக்குகளின் ஈரத் துண்டுகளைச் சுமந்துகொண்டு பழைய மண்வெட்டி சாய்ந்து கிடந்தது. துண்டுகளை உதறி எடுத்து, துடைத்து, காரில் பொருத்தி முடுக்கினார்கள். பந்தயத்தில் புறப்படும் வரிசைக்காக இடம் பிடிக்கும் ஓட்டத்துக்கு வந்த மச்சினன் அதைப் பார்த்து நின்றான். புது மூக்கு எப்படி உடைந்தது என்று யாரோ சொல்ல, சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு குனிந்து, பழைய மூக்கை இரண்டு தட்டு தட்டினான். “பெரியவர் வந்துட்டாரா” என்றான்.

வெளியே நல்ல காற்று. தொட்டியின்மேல் இருந்த கொடி, பாதைக்குக் குறுக்கே விறைத்து நின்றது. இவர் திரைக்கு முன் உட்கார்ந்தார். கார் தொட்டித் திருப்பத்தை நெருங்கியது. கோடு நேராகப் போனது. நேராகவே போனது. திருப்பம் முடிந்துவிட்டது. அடுத்த சுற்றிலும் அப்படியே. ஏழாவது இடம், இந்த வருடத்தில் இவ்வளவு முன்னால் வந்ததேயில்லை.

ஹெட் மெக்கானிக் திரையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். சுரங்கத்தில் காற்று எதிரிலிருந்து மட்டும்தான் வரும் என்று இவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாகத் தெரிந்த விஷயம்தான். கொடியை இன்னொரு தடவை பார்த்தார்.

கார் உள்ளே வந்து நின்றது. மச்சினன் ஹெல்மெட்டைக் கழற்றினான். கூடவே கையுறைகளையும் கழற்றினான்.

“குருவி வரலையா இன்னிக்கு?”

“லீவு போல.” சிரித்தான். கொட்டகைகளின் வரிசையில் தூரத்தில் முதலாளி வருவதை இருவரும் பார்த்தார்கள். அவன் குரலைத் தணித்தான். “இன்னிக்கு ரோட்டுல தூசி கம்மி அத்தான், அதான்...”

“டேய். உங்கக்கா புருஷன்கிட்ட சொல்லாத. இதை வரைஞ்சவன்கிட்ட சொல்லு. காரா, நீயா?”

அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. காரின் மூக்கின்மேல் அப்பியிருந்த பூச்சிகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். முதலாளி காற்றில் பறக்கும் தொப்பியை அழுத்திப் பிடித்தபடி நெருங்கிக்கொண்டிருந்தார்.

“கார்தான் அத்தான்” என்றான். “புது மூக்கோட, பக்கத்துல இருந்து காத்து அடிச்சா பின்பக்கம் பிடியே இருக்காது. நான் காலை எடுக்கல, காலு தானா வந்துடும். ஆறு மாசமா ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன்.”

இவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ‘கார்தான்’ என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து, முதலாளி வரும் பக்கம் திரும்பி நின்றார். பழைய மூக்கின்மேல் கழற்றிப் போட்ட கையுறைகள் கிடந்தன. வாசல் வழியே வந்த காற்றில் அவற்றின் விரல்கள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.