சிகாகோ வேண்டாம் என்றவள்

மகள் எதையோ மறைக்கிறாள் என்று டுவேன் ஹல்வர்சனுக்கு அன்றே பட்டுவிட்டது.

சிகாகோவின் பெரிய பல்கலைக்கழகமே மாரிட்டுக்கு இடம் கொடுத்திருந்தது. அவளோ, டாக்டர் படிப்புக்கு முந்தைய நாலு வருஷத்தையும் பக்கத்து ஊர்ச் சின்னப் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்று நின்றாள். அந்த ஊரில்தான் டுவேனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடிந்ததும் ஓய்ந்துபோவார், வண்டி ஓட்ட முடியாது. தாயில்லாத வீடு, காரோட்டிக் கூட்டிப்போவது அவள்தான்.

"எனக்காகத்தானே?"

"இல்லப்பா. அங்க நல்லாச் சொல்லித் தர்றாங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள்.

அது அவரை உறுத்தியது. அவள் குளிக்கப் போனதும் காருக்குள் துழாவினார். அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தில் கார் நிறுத்திய சீட்டுகள் மூன்று கிடைத்தன. மூன்றுமே செவ்வாய்க்கிழமை. அவர் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடக்கும் நாள். வெளியே உட்கார்ந்து படிப்பதாகச் சொன்னவள் அங்கே எதற்குப் போனாள்? எவனையாவது பார்க்கவா?

புதன்கிழமை, டகோட்டாப் பனியில் வண்டி வழுக்க வழுக்க, தனியாகவே அங்கே போய் நின்றார். மகள் பெயரைச் சொல்லி விசாரித்ததும் ஆசிரியை லோர்னா விக் எட்டிப்பார்த்தாள்.

"மாரிட் அப்பாவா? வாங்க! இங்க முதல் வருஷமே மனுஷ உடம்பத் தொட்டுப் படிக்க விடுவோம். சேரறதுக்கு முன்னாடியே வகுப்பப் பாக்க வந்தா. போன வாரம் ஒரு சிறுநீரகத்தக் கையில குடுத்தேன். உங்க பொண்ணு திருப்பித் தரவே மாட்டேன்னுட்டா."

வீட்டுக்கு வந்ததும் சீட்டுகளை மேஜையில் போட்டார். "நான் அங்க ஊசியோட கெடக்கறேன். நீ ஊர் சுத்தறியா?"

மாரிட்டின் கண் கலங்கியது. "அதனாலதாம்ப்பா சொல்லல. நீங்க அப்படிக் கெடக்கறப்ப நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்னு எந்த வாயால சொல்றது? சிகாகோல இதையெல்லாம் தொட நாலு வருஷம் காத்திருக்கணும்."

தனக்காக மகள் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று இத்தனை நாள் புழுங்கியவர் அவர். தனக்காக இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் பாரம் இறங்கியது. கூடவே சுருக்கென்று ஒரு வலியும்.

"அப்போ ஹாஸ்டல்லயே தங்கு," என்றார். "நான் ஆஸ்பத்திரி வேன்ல போய்க்கறேன்."

"அதுல கிழவங்கதான் போவாங்கன்னு சொன்னீங்க?"

"வாய மூடு. அடுப்புல கிழங்கு கருகுது பார்."

ஆகஸ்டில் அவள் பெட்டியைத் தூக்கிப்போய் விடுதியில் வைத்துவிட்டு வந்தார். மூன்று வாரம் அவள் எட்டிப்பார்க்கவில்லை. நாலாவது சனிக்கிழமை வந்தாள், கையெல்லாம் ஆய்வுக்கூட மருந்து வாடையோடு. சாப்பிடு சாப்பிடு என்று அவர் தட்டை நகர்த்திக்கொண்டே இருந்தார். அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.