எல்ஸ்பெத் வாட் போட்ட டிக்குகள்

1

படித்தவர் ஒருவர் தப்பாகச் சொல்கிறார் என்று தெரிந்தும், வாயைத் திறக்காமல் தலையாட்டியிருக்கிறீர்களா? இந்தக் கதை அப்படி ஆட்டிய ஒரு தலையிலிருந்து வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று தொடக்கங்களை அடித்துவிட்டேன். ஒன்று மட்டும் கிடக்கட்டும்:

[அபர்டீனில் அன்று மழை பெய்துகொண்

வேண்டாம். அபர்டீனில் என்றைக்குத்தான் பெய்யவில்லை.]

2

ஃபெர்கஸ் இம்லாக் என்று ஒருவனை வைத்துக்கொள்வோம். முப்பத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தின் பின்பக்கம் ஓர் அறையில் அகராதி வேலை. ஸ்காட்லாந்துக்காரர்கள் வீட்டில் பேசும் ஸ்காட்ஸ் மொழியை இப்படித்தான் எழுத வேண்டும் என்று யாரும் விதி வைக்கவில்லை; ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் எழுதினார்கள். 'சிறுமி' என்ற ஒரு சொல்லே பழைய கடிதங்களில் பதினோரு விதமாகக் கிடைத்தது. அகராதியில் ஒன்றைத் தேடினால் பதினொன்றும் வர வேண்டும்.

அதற்கு ஃபெர்கஸ் ஒரு கணினி நிரல் எழுதினான். எத்தனை எழுத்தை மாற்றினால் ஒரு சொல் இன்னொன்றாகும் என்று எண்ணி, நெருங்கியவற்றை அது ஜோடி சேர்க்கும். ஜோடி சரிதானா என்று அந்த மொழியில் வளர்ந்த ஒருவர் டிக் போட்டுச் சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று வெள்ளிக்கிழமை காட்டாவிட்டால் அறையை மூடிவிடுவார்கள். அதில் இருப்பவர்களுக்கு வேலை இல்லை.

டிக் போட வந்தவர், ஃப்ரேசர்பரோவில் நாற்பது வருடம் மீன் அறுத்த எல்ஸ்பெத் வாட்.

3

"நான்தான் கெடைச்சேனா? எங்க தெருவுல என்னைய விட வாயாடி நாலு பேரு இருக்காளுகளே."

"உங்க வாய்தான் வேணும், மிசஸ் வாட்."

"வாயைக் கேட்டவன் பேப்பரை நீட்டுறியே, பையா."

இருநூற்றுப் பத்து ஜோடியையும் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். அச்சு பொடியாக இருந்த ஆறை மட்டும் விட்டிருந்தார். மற்றதெல்லாம் டிக்.

(இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் நிஜமாகவே பார்த்துத்தான் போடுகிறாரா என்று தெரிய, சம்பந்தமே இல்லாத பத்து ஜோடிகளை நடுவில் சொருகிவைப்போம். 'சர்ச்' என்ற சொல்லும் 'பெட்டி' என்ற சொல்லும் ஒன்றாம், இப்படி. அந்தப் பத்துக்கும் டிக்.)

ஃபெர்கஸ் அதைக் காட்டினான். "இது ரெண்டும் ஒண்ணா, மிசஸ் வாட்?"

அவர் தாளைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். "மெஷின் ஒண்ணுங்குதா?"

"பேப்பர்ல அப்படித்தான் இருக்கு, ஆனா..."

"அப்ப ஒண்ணுதான். ஸ்கூல்ல இந்தப் பாஷை பேசினதுக்கு உள்ளங்கையில தோல்வாரால அடி வாங்கினவ நான். இதுல எது சரின்னு என்னையப் போய்க் கேக்குற பாரு!"

சிரித்தார். சிரித்துக்கொண்டே கைகளை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டார்.

[கை இறங்கியது என் ஜோடனை என்று நினைப்பீர்கள். அது ஒன்றுதான் அப்படியே எழுதியது.]

4

அன்று வியாழன். மெஷின் சொன்னதற்காகப் போட்ட டிக் எதற்கும் ஆகாது; எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டும். மெஷின் சொன்னதை மறைத்து, அவரைச் சும்மா பேசவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும். ஒரு வாரமாவது ஆகும். சொருகிய பத்தை மட்டும் ஃபெர்கஸ் அழித்தான். மீதி இருநூறில் நூற்றுத் தொண்ணூற்று நான்கு. தொண்ணூற்றேழு சதவீதம்.

இந்த ஃபெர்கஸை எனக்கே நம்ப முடியவில்லை. நான் அறிந்த ஃபெர்கஸ் இதைச் செய்ய மாட்டான். செய்யவும் இல்லை. "தூக்கிப் போட்டுட்டு அடுத்த வாரம் கேப்போம், போனாப் போகட்டும்" என்றுதான் சொன்னான். அவனுக்குச் சொந்த ஊர் அது. அடுத்த நாற்காலியில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எனக்கு, அந்த அறை போனால் விசா போகும்.

"பத்தை மட்டும் எடுத்துடலாம், யாருக்குத் தெரியப் போகுது" என்று சொன்னது நான். அழித்ததும் நான். அவன் "சரி" என்றான்.

5

முடிவு ஒன்று: அன்று சாயங்காலமே துறைத் தலைவரிடம் போய் நான் உண்மையைச்

முடிவு இரண்டு: தாளை எடுத்துக்கொண்டு ஃப்ரேசர்பரோ பஸ் ஏறுகிறேன். எல்ஸ்பெத் கதவைத் திறக்கிறார். நான்

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. முடிந்தவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அறிக்கையை அனுப்பினோம். பத்து மணிக்கு எல்ஸ்பெத் வாட் போன் செய்து, தான் போட்டது சரியாக இருந்ததா என்று கேட்டார். எல்லாம் சரி என்று சொன்னேன்.