மகளிர் அணி செய்த க்ளிக் சேவை

வான்கோழி கிரேவியைப் பற்றி ஒரு மனிதன் எவ்வளவுதான் எழுத முடியும்? நான் ஆறு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். செப்டம்பர் பிறந்துவிட்டால் சஸ்காட்சவன் மாகாணத்தின் கிழக்கே ஊருக்கு ஊர் சர்ச் ஹாலில் வான்கோழி விருந்து. கோதுமைக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும், ஒவ்வொரு விருந்தாகப் போய்த் தின்றுவிட்டு, எந்த ஊர் கிரேவி கெட்டி, எந்த ஊர் முட்டைக்கோஸ் சுருளில் உப்பு கூடுதல் என்று வலைப்பூ எழுத ஆரம்பித்தேன். நாக்கை அடக்கத் தெரியாதவனுக்கு ஏற்ற தொழில்.

பிறகு பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் போட்டேன். யாராவது அதைத் தட்டினால் எனக்குச் சில காசு வரும். பெட்ரோலுக்கு அதுதான். அது இல்லாவிட்டால் என் பென்ஷனுக்கு மூன்று விருந்து. அது இருந்தால் இருபது. வாழ்க்கையில் பதினேழு விருந்து சின்ன வித்தியாசம் இல்லை.

நவம்பரில் விளம்பரக் கம்பெனியிடமிருந்து கடிதம். உங்கள் பக்கத்தில் முறையற்ற க்ளிக்குகள் விழுகின்றன. தொடர்ந்தால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.

புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தேன். வாரம் பூராவும் எங்கள் ஊர் நிலம் மாதிரி தட்டை. செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு மட்டும் நட்டநடுவில் ஒரு தானியக் கிடங்கு எழுந்து நின்றது. இருநூறு க்ளிக், எல்லாம் ஒரே இணைப்பிலிருந்து. முந்நூறு பேர் இருக்கிற ஊரில் செவ்வாய் பத்தே காலுக்கு என்ன நடக்கும் என்பது ஊர் நாய்க்கும் தெரியும். சர்ச் ஹாலில் மகளிர் அணி பெரோகி என்கிற கொழுக்கட்டைக்குள் உருளைக்கிழங்கு வைத்துப் பிடித்துவிட்டு, காபிக்கு உட்காரும் நேரம் அது.

அவர்கள்மேல் பாய்வதற்கு முன் என் யோக்கியதையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. செப்டம்பரில் ஒரு பதிவின் அடியில், "விளம்பரங்களைத் தட்டி இந்த ஏழை வயிற்றை ஆதரியுங்கள்" என்று எழுதியிருந்தேன். நகைச்சுவை என்று நினைப்பு. கம்பெனியின் விதிகளை இப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன். கல்யாணத்தில் செய்ததுபோலவே இதிலும் படிக்காமல்தான் "சம்மதம்" சொல்லியிருந்தேன். சொந்த விளம்பரத்தைத் தானே தட்டக் கூடாது. பிறரைத் தட்டச் சொல்லவும் கூடாது. முதல் வாரத்தில் நானே பதினொரு தடவை தட்டியிருக்கிறேன், வேலை செய்கிறதா என்று பார்க்க. பதினொரு தடவையும் வேலை செய்தது.

அந்த வரியை அழித்தேன். விளம்பரங்களைத் தற்காலிகமாக இறக்கிவைத்தேன். அடுத்த செவ்வாய் ஹாலுக்குப் போனேன்.

"வாடா ஓரெஸ்ட்! கையக் கழுவிட்டு உக்காரு, பிடிக்க ஆள் பத்தல" என்றார் தெத்தா ஸ்டெஃபா. எழுபத்தாறு வயது, மகளிர் அணித் தலைவி. தெத்தா என்றால் அத்தை. அவர் ஊருக்கே அத்தை.

சுவரில், யார் யார் வெங்காயம் உரிப்பது என்ற பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு: ஓரெஸ்ட் க்ளிக்.

"இது என்ன தெத்தா?"

"உனக்குத்தான். ஆளுக்குப் பதினஞ்சு. நெல்லிக்கு முட்டி வலி, நிக்க முடியாது. அதனால உக்காந்த எடத்துலயே முப்பது போடுறா."

"போன வாரம் முப்பத்தெட்டு" என்று நெல்லி மாவுக் கையை உயர்த்தினாள்.

காரில் வரும்போது பக்குவமாகப் பேச ஒத்திகை பார்த்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்: "எல்லாரும் நிறுத்துங்க. இது மோசடியாம்."

பன்னிரண்டு பெண்களின் கை அப்படியே நின்றது.

"மோசடியா?" என்றார் தெத்தா. "நாப்பது வருஷமா பெரோகி வித்து இந்த ஹாலுக்குக் கூரை போட்டிருக்கோம். ஒருத்தன் எங்களப் பாத்து அந்த வார்த்த சொன்னதில்ல. பாவம், சாப்பிட்டுப் பொழைக்கிறவனாச்சேன்னு செஞ்சோம். அடுத்த வருஷம் விருந்துக்கு வா, உன் தட்டுல வெறும் கேரட்தான்!"

"மோசடிக்காரன் நாந்தான் தெத்தா. தட்டுங்கன்னு கேட்டது யாரு? நானு. மொதல்ல தட்டினதும் நானே. பதினோரு தடவ."

"பதினொண்ணுதானா?" என்றாள் நெல்லி ஏமாற்றத்தோடு.

ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். தெத்தா சிரிக்கவில்லை. "சரி, இதுல யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் கம்பெனிகிட்ட இல்லாத காசா?"

"கம்பெனி காசு இல்ல தெத்தா. விளம்பரம் குடுத்தவன் காசு. நீங்க ஒவ்வொரு தடவ தட்டும்போதும் அவன் பையிலேருந்துதான் போகுது."

"அடப்பாவி! அதுல பாதி நம்ம லூபோவோட டயர் விளம்பரமாச்சே! உனக்கும் ஒத்தாச, எந்தம்பி மவனுக்கும் ஒத்தாசன்னுல்ல தட்டினோம்!"

உடனே லூபோவுக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "வியாபாரம் எப்படிடா இருக்கு?"

"விளம்பரம் பிச்சிக்கிட்டுப் போகுது தெத்தா! வாரத்துக்கு நூறு பேர் வந்து பாக்குறாங்க. டயர் வாங்கத்தான் ஒரு ஈ காக்கா வரல. ஒரு மாசத்துக்குப் போட்ட காசு பத்தே நாள்ல தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் போட்டா சூடு பிடிக்கும்னு நெனக்கிறேன்."

"போடாத! ஒண்ணும் போடாத!" என்று அலறிவிட்டு போனை வைத்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்தார். "இருவது நிமிஷத்துல ஊருக்கே சொல்லிடுறேன். நீ கம்பெனிக்கு எழுது. இப்பவே, எங்கண்ணு முன்னாடி."

எழுதினேன். எந்தத் தேதி, எந்த நேரம், எந்த ஹால், யார் கேட்டது, யார் தட்டியது.

"எம்பேரையும் போடு" என்றார். "ஒளிஞ்சுக்க நாம என்ன திருடினோமா?" கொஞ்சம் யோசித்தார். "சரி, திருடினோம். போடு."

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முறையற்ற க்ளிக்குகளுக்கான பணம் பிடிக்கப்பட்டு விளம்பரதாரர்களுக்குத் திருப்பித் தரப்படும், கணக்கு தொடரலாம். நான் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். அறுபத்து நான்கு வயதில் ஒரு சுற்றுதான் முடியும்.

விளம்பரங்களைத் திரும்ப ஏற்றினேன். புதுப் பதிவும் போட்டேன். நான்கு பேர் படித்தார்கள். அதில் மூன்று பேர் நான். "ஓரெஸ்ட் பக்கத்தைத் தொட்டால் கேஸ் ஆகிவிடும்" என்று தெத்தா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மறுபடி ஹாலுக்கு ஓடினேன்.

"படிக்கலாமா?"

"படிக்கலாம் தெத்தா."

"வெரல் தவறிப் பட்டுட்டா?"

"ஒரு தடவ பட்டா ஒண்ணும் ஆகாது."

அப்படியும் நெல்லி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் படித்தாளாம். பேத்தி பக்கத்தை நகர்த்திக் கொடுத்திருக்கிறாள்.

ஜனவரியில் ஒருநாள் காலை பக்கத்து வீட்டு நெஸ்டர் போன் செய்தார். எண்பத்து மூன்று வயது. போன் இல்லாமலே அவர் பேசுவது எனக்குக் கேட்கும்.

"ஓரெஸ்ட்! உம் பக்கத்துல காது மிஷின் வெளம்பரம் வருது! எனக்கு நெஜமாவே ஒண்ணு வாங்கணும்! தட்டட்டுமா?"

உலகத்திலேயே உத்தமமான க்ளிக். ஆனால் தட்டுங்கள் என்று நான் சொல்லக் கூடாது. தட்டாதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை.

"அது உங்க இஷ்டம் நெஸ்டர்."

"என்ன?"

"உங்க இஷ்டம்!"

"கேக்கலடா! தட்டவா, வேணாமா?"

ஒவ்வொரு கேள்விக்கும் என் தொண்டை கிழிந்தது. கடைசியில் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாங்க, நானே யார்க்டன் டவுன்ல காது மிஷின் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கடையில் அரை மணி நேரம் சோதித்து, இரண்டு காதிலும் மிஷினைப் பொருத்தினார்கள். கடைக்காரப் பெண் ஒரு படிவத்தை எடுத்தாள். "எங்க கடையப் பத்தி எப்படித் தெரிஞ்சுது சார்? இணைய விளம்பரமா?"

நெஸ்டர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். இந்தக் கிழவரை நாளைக்கு யாரும் விசாரிக்கப்போவதில்லை என்று தெரிந்தாலும், கம்பெனி மறுபடி கடிதம் போடுமோ என்று பயந்து நானே முந்திக்கொண்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரன்னு போட்டுக்கங்க!" என்றேன்.

நெஸ்டர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஏன்டா இப்படிக் கத்துற?"