அக்காவின் பக்திக்கு மார்க்

வந்தவள் ஆராய்ச்சிக்காரி. உடம்பு முடியாதவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்கு எவ்வளவு ஆன்மிகம் இருக்கிறது என்று அளந்து பார்க்கிறாளாம். சர்க்கரை, பிரஷர் எல்லாம் அளந்து முடித்துவிட்டார்கள் போலிருக்கிறது, மிச்சம் இருந்தது இதுதான்.

அக்கா தையல் மெஷின்மேல் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளுக்கு ஆபரேஷன் செய்தாக வேண்டும், இனித் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் படுத்துக் கிடக்கும்போது தம்பியைத் தூக்கி உட்காரவைக்க, குளிப்பாட்ட, ஊட்டிவிட வேறு நாதியில்லை. ஆராய்ச்சி நடத்துகிற காப்பகத்தில் ஒரு கட்டில் காலி. கேள்விகளுக்கு இவள் போடும் மார்க்கைப் பார்த்துத்தான் அதை யாருக்காவது கொடுப்பார்கள் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும்.

தம்பி சக்கர நாற்காலியில் ஜன்னலோரம் இருந்தான். முப்பதைத் தாண்டியவன், கழுத்துக்குக் கீழே அசைவில்லை. எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே வந்து சேருவதால் அக்கா அவனைத் துரை என்றுதான் கூப்பிடுவாள்.

கடவுள் துணை இருப்பதாக உணர்கிறீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்ல வேண்டும். அக்கா ஐந்து என்றாள். இவரைப் பார்த்துக்கொள்வதை வரமாக நினைக்கிறீர்களா? ஐந்து. கடவுள்மேல் கோபம் வந்ததுண்டா? சீச்சீ, கிடையவே கிடையாது. நல்ல பிள்ளைக்குத்தானே எதையும் கொடுப்பார்கள் என்ற பள்ளிக்கூடப் புத்தியில் வாய்கூசாமல் புளுகினாள்.

ஆராய்ச்சிக்காரி அதுவரை வந்ததைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். மனசு ஒடிஞ்சு போனவங்களுக்குத்தான் அந்த இடம். உங்க மார்க்கைப் பாத்தா, நீங்க நல்லாவே சமாளிக்கிறீங்க."

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாளே! மறுபடி கேட்கச் சொல்லி அக்கா கெஞ்சினாள். கேட்டதைத் திரும்பக் கேட்க முடியாதாம். கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி: தனியாக இருக்கும்போது கடவுளிடம் என்ன வேண்டிக்கொள்வீர்கள்?

நாற்காலியை அடுத்த அறைக்குத் தள்ளிவிடலாம் என்று அக்கா எழுந்தாள். இங்கேயே இருக்கிறேன் என்றான் துரை. உண்மையைச் சொன்னால் கட்டில் கிடைக்கும், அப்புறம் தம்பி கிடைப்பானா என்று பயந்தாள். ஆனாலும் சொன்னாள்.

"காலையில இவன் கண்ணு முழிக்கக் கூடாதுன்னு வேண்டியிருக்கேன். ஒரு தடவை இல்ல."

அவமானத்தில் அவள் உடம்பே எரிந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னையும் கேளுங்க" என்றான் துரை.

பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும்தான் கேள்வி என்று ஆராய்ச்சிக்காரி மென்று விழுங்கினாள்.

"பரவால்ல, ஓரமா எழுதிக்குங்க. நானும் அதேதான் வேண்டிக்கிறேன். ரெண்டு பேர் சேர்ந்து கேட்டும் அவர் காதுல விழல. இதுக்கு எத்தனை மார்க்?"

தூங்குகிறான் என்று நம்பித்தான் அக்கா இத்தனை நாளும் அவன் கட்டில் பக்கத்தில் அழுதிருக்கிறாள். அவன் விழித்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். இப்போது அவளுக்கு அழக்கூட வரவில்லை.

ஆராய்ச்சிக்காரி பழைய மார்க்கை அடித்துவிட்டு வேறு எழுதினாள். கட்டில் அநேகமாக இவர்களுக்குத்தான் என்றாள்.

"நான் போறேன்க்கா" என்றான் துரை. "ஆபரேஷன் முடிஞ்சதும் வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போவியா?"

அக்கா தலையாட்டினாள்.

"வாயால சொல்லு" என்றான்.